பின்வரிசைப் பெண்

வின்னிபெக்கில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
ஏழு பெட்டிகளில் வந்திறங்கினாள்.
தலை, இரண்டு பச்சைப் பின்னல்,
மஞ்சள் மழைக்கோட்டு, கால்கள்,
கடைசிச் சின்னப் பெட்டியில்
முழங்காலில் ஒட்டவேண்டிய பிளாஸ்திரி.

உடனே திறக்கக் கூடாது.
ஒரு பகல் ஓர் இரவு பெட்டிக்குள்ளேயே கிடந்து
கட்டடத்தின் சூட்டுக்குப் பழக வேண்டும்.
நான் இந்த ஊருக்கு வந்தபோது
எனக்கு யாரும் இப்படியொரு விதி சொல்லவில்லை.

மறுநாள் ஆர்னெல் திருகாணிகளைக் கழற்றினான்.
நுரைப்பஞ்சுக்குள் ஒரு முகம்.
வாய் அரிசியளவு.
மூக்கு, போடலாமா வேண்டாமா என்று போட்ட புள்ளி.
கண்கள் மட்டும்
ஆளுக்கொன்றாய்ச் சோறு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு.
'என் மகள் பார்க்கிற கார்ட்டூனில் வருவாளே' என்றான்.
வரமாட்டாள்.
இவளுக்குக் கதை இல்லை, பெயர் இல்லை.
நாயகி வகுப்பில் அழும்போது
நாலு பெஞ்சு தள்ளி
ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பாளே,
அவள்.

கண்ணில் வெள்ளைப் பொட்டைக் காணோம்.
அந்தச் சாதிக் கண்ணில் எப்போதும் இருக்கும் வெளிச்சத்துண்டு.
நிலை அறிக்கையில் எழுதிவைத்தேன்:
'இரு கண்களும்: வர்ணம் உதிர்ந்திருக்கலாம்.'

சிற்பி நொனாகா சிஹாரு வெள்ளிக்கிழமை வந்தார்.
சூட்கேஸ் வான்கூவரில் தங்கிவிட்டதாம்.
காவலாளியின் பார்க்கா, முழங்கால் தாண்டித் தொங்கியது.
என் அறிக்கையைப் படித்து
இருமும்வரை சிரித்தார்.

'காசு மிச்சம் பிடிக்கப்
பின்னாலிருப்பவர்களை அசைக்கமாட்டார்கள்.
முன்னால் ஒருத்தி ஓடுவாள், கத்துவாள்.
பின்னால் இருபது பேர் உறைந்திருப்பார்கள்.
ஆறு வயதில் டிவிக்கு மிக அருகே உட்கார்ந்து
காத்திருப்பேன்,
ஒருத்தியாவது இமைப்பாளா என்று.'

பிறகு கேட்டார்:
'இந்தக் கட்டடத்தில் ஜன்னல் எங்கே?'

ஓவியத்துக்கு வெயில் ஆகாது. ஜன்னல் கிடையாது.
லாரி வந்து நிற்கும் இரும்புக்கதவு ஒன்றுதான்.
'அதைத் திறங்கள். அதுதான் இவள் கண்ணில் விழவேண்டியது.'
ஈரப்பதக் கணக்குச் சொல்லி லோவீசா மறுத்தாள்,
மறுபடி மறுத்தாள்,
கடைசியில் தொண்ணூறு விநாடி கொடுத்தாள்.

வாகீசன் என்பது இங்கே யார் வாயிலும் நிற்காது.
எல்லோருக்கும் நான் 'வா'.
நாள் முழுக்க ஓர் ஊரே என்னை வா வா என்கிறது,
போய் நின்றால், ஏணியைப் பிடி என்கிறது.

பொத்தானை அமுக்கினேன். கதவு ஏறியது.
பனி வெளிச்சம் தரையோடு வழிந்து உள்ளே வந்தது.
தூக்கு மேடையின் உச்சியில்
நூல் போன்ற தூரிகையோடு சிஹாரு.
அறுபதாவது விநாடியில் 'வா!' என்று கத்தினார்.
ஓரமாய் நில் என்றாரோ, கதவை மூடு என்றாரோ.
என் காதுக்கு அது தமிழில்தான் விழுந்தது.
ஓரடி எடுத்து வைத்தேன்.

திறப்பு விழாவில் வைன், புகைப்படம்,
பிளாஸ்திரி அருகே குனிந்து செல்ஃபி.
நான்கு மீட்டர் உயரக் கண்ணை
யார் அண்ணாந்து படிப்பார்கள்?

ஏப்ரலில் தூசி தட்ட மேடையில் ஏறினேன்.
இரண்டு கண்ணிலும் சாய்ந்த வெள்ளைச் சதுரம்.
வலது சதுரத்தின் அடியில் எறும்பளவு அழுக்கு.
துடைக்கப் போன கை நின்றது.
அழுக்குக்குக் கால் இருந்தது.
தொப்பி இருந்தது.
ஒரு கால் முன்னே.

பாவை என்றால் பொம்மை.
பாவை என்றால் கண்ணுக்குள் நிற்கிற சின்ன ஆளும்.
சிஹாருவுக்கு இதை யார் சொல்லியிருக்க முடியும்?

அடுத்து டென்வர்.
அங்கே அவர் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு
அந்த ஊர்க் கதவை வரைவார், தெரியும்.
தெரிந்தே
வழியனுப்பும் அறிக்கையில் எழுதினேன்:
'வலது கண்ணில் ஒரு புள்ளி.
தூசி அல்ல. துடைக்க வேண்டாம்.'

ஆர்னெல் மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான்.
'வா, நேரமாகிறது' என்கிறான்.